புதுக்கோழிய நேரா பழைய கோழிங்களோட விடலாமா?

முட்டைப்பிரியன்:
வணக்கம் மக்களே, நம்மகிட்ட பத்து கோழி இருக்கு, எல்லாம் நல்லா முட்டை போடுது. இப்ப வேற ஒருத்தர்கிட்ட நாலு விடைக்கோழி வாங்கப்போறேன், கொண்டையெல்லாம் செவப்பா சுறுசுறுப்பாதான் இருக்கு, நோய் எதுவும் வந்ததில்லன்னு அவரும் சொல்றாரு. ரெண்டு மூணு நாள் தனியா வச்சிட்டு கூட்டுல சேத்துறலாமா?

சேவல்கொண்டை:
மூணு நாள்லாம் பத்தாதுங்க. வெள்ளைக்கழிச்சல் கிருமி உள்ள போனா வெளிய தெரியவே பெரும்பாலும் 5, 6 நாள் ஆகும், சிலதுக்கு 15 நாள் கூட இழுக்கும். 30 நாள் தள்ளி வைங்க. சிலர் நடுவுல வலைய கட்டிட்டு தனியா வச்சிருக்கேம்பாங்க, அதெல்லாம் கணக்குலயே வராது, இந்தப்பக்கம் தும்முனா அந்தப்பக்கம் போயிரும். தீனித்தட்டு, தண்ணி, செருப்பு எல்லாமே வேற வேற, பழசுக்கு வேலைய முடிச்சிட்டு அப்புறமா புதுசுகிட்ட போங்க, மாத்தி செஞ்சா நீங்களே நோயை தூக்கிட்டு வர்ற மாதிரி. எச்சத்துல ரத்தம் இருக்கா, பின்பக்கம் இறகுக்கடியில பேன் இருக்கா, கால் செதில் தூக்கிட்டு இருக்கான்னும் பாத்துக்கோங்க.

கூண்டுக்காரன்:
மேல சொன்னது சரி, ஆனா 30 நாள் தாண்டியும் ஒண்ணுமே காட்டாம இருக்கறதுதான் பெரிய தலைவலி. மைக்கோபிளாஸ்மா சளி, கோரைசா (மூக்கு ஒழுகி மூஞ்சி வீங்கற நோய்) ரெண்டும் வந்து தேறுன கோழி பாக்க ஜம்முனு இருக்கும், உள்ள கிருமி இருந்துட்டே இருக்கும். டைலோசின்னு ஆன்டிபயாட்டிக் மருந்து குடுத்தா தும்மல் நிக்கும், மைக்கோபிளாஸ்மா முழுசா போயிராது. மேரெக்ஸ் (கால் முடங்கி உள்ள கட்டி வர்ற வைரஸ் நோய்) தடுப்பூசி போட்ட கோழியும் அப்படித்தான், அதுக்கு பெரும்பாலும் நோய் வராது, ஆனா வைரஸ் தொத்தியிருந்தா இறகுத்தூசில கொட்டும். அதனால கடைசி ரெண்டு வாரம் உங்க பழைய கோழில ஒண்ண புதுசுங்களோட விட்டு பாருங்க. அது தும்முனாலோ மூஞ்சி வீங்குனாலோ புதுசுங்கள கூட்டுல சேக்காதீங்க, அதையும் திரும்ப எடுக்காதீங்க. உங்க பழசுங்ககிட்ட இருந்து புதுசுக்கு ஒட்டறதும் நடக்கும், அதையும் மறந்துறாதீங்க.

முட்டைப்பிரியன்:
ஒண்ண பலி குடுக்கற மாதிரில்ல இருக்கு 😅 பேசாம கருமுட்டை வாங்கி பொரிக்க வச்சிட்டா?

கூண்டுக்காரன்:
பத்தும் படுக்கறதுக்கு ஒண்ணு மேல்தானே. முட்டை நல்ல யோசனைதான், மேரெக்ஸ் முட்டை வழியா வராது. ஆனா மைக்கோபிளாஸ்மா முட்டைக்குள்ளயே வரும், அதனால தாய்க்கோழிங்களுக்கு மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் எடுத்திருக்காங்களான்னு கேட்டுட்டு வாங்குங்க.