ஐஸ் குச்சிப் பாலம்

அண்ணி: (படம்) இன்றைய கைவேலை வகுப்பு முடிந்தது. ஐந்து வாண்டுகள், முந்நூறு ஐஸ் குச்சிகள். என் விரலில் இன்னும் பசை காயவில்லை 😄

சித்தி: அழகு! ஓரத்தில் இருப்பது ஏன் சாய்ந்து நிற்கிறது?

அண்ணி: அது சின்னவனுடையது சித்தி. பக்கவாட்டில் கட்டம் கட்டமாக ஒட்டி, உடனே ஜிகினாத் தாளும் சுற்றிவிட்டான். மேலே அகராதியை வைத்தோம், அவ்வளவுதான். கட்டமெல்லாம் சாய்சதுரம்.

மாமா: குறுக்கே ஒரு குச்சி போடச் சொல்லியிருக்கலாமே?

அண்ணி: வேண்டுமென்றேதான் சொல்லவில்லை மாமா. நான்கு குச்சிகளைக் குண்டூசியால் இணைத்துக் கையில் கொடுத்தேன். அமுக்கினால் மடங்கியது. மூன்றை இணைத்ததும் அசையவில்லை. "அப்போ முக்கோணம்!" என்று அவனே கத்தினான்.

தாத்தா: ஸ்காட்லாந்தில் 1890-இல் திறந்த ஃபோர்த் பாலம் எப்படி நிற்கும் என்று அதன் பொறியாளர் பெஞ்சமின் பேக்கர் ஆட்களை வைத்தே காட்டினார். நாற்காலியில் இருவர் கைகளை நீட்டி, நாற்காலியில் ஊன்றிய கழிகளைப் பிடித்திருப்பார்கள். வெளிக்கைகள் செங்கல் குவியலோடு கட்டியிருக்கும். நடுவே தொங்கும் பலகையில் கைச்சி வாத்தனாபே என்ற ஜப்பானியப் பொறியாளர். அந்தப் புகைப்படத்தைக் காட்டம்மா.

நான்: காட்டியாகிவிட்டது தாத்தா, நடித்தும் ஆகிவிட்டது. நானும் அண்ணியும் நாற்காலியில், செங்கலுக்குத் தண்ணீர் வாளி, நடுவில் குட்டி. என் தோள் போச்சு.

அண்ணி: "எது இழுக்கிறது, எது அமுங்குகிறது?" என்று கேட்டேன். குட்டி முதலில் இவர் தோளைத் தொட்டாள், அப்புறம் கழியை. பிறகு படம் வரையும்போது இழுபடுவது சிவப்பு, அமுங்குவது நீலம். இத்தனை நாள் நான் எடுத்த ஓவிய வகுப்பில் இப்படி ஒரு கோடு எவரும் யோசித்துப் போட்டதில்லை.

மாமா: அப்போ வண்ணம், அலங்காரம் எல்லாம் கடைசியில்தானா?

அண்ணி: கடைசியில் என்றில்லை, கட்டியதைப் பார்த்து. அமெரிக்காவில் 1937-இல் திறந்த கோல்டன் கேட் பாலத்துக்கு அந்த ஆரஞ்சு எப்படி வந்தது தெரியுமா? இரும்பில் முதலில் பூசியிருந்த துருத்தடுப்பு வண்ணம் கட்டடக் கலைஞர் இர்விங் மாரோவுக்குப் பிடித்துப்போனது.

சித்தி: சின்னவனின் ஜிகினா?

அண்ணி: பிரித்துவிட்டான். இப்போது முக்கோணங்களுக்கு மட்டும். இரண்டு அகராதி தாங்குகிறது. மூன்றாவது தேடுகிறார்கள். மாமா, உங்கள் சட்டப் புத்தகங்களை ஒளித்து வையுங்கள்.

மாமா: ஏற்கெனவே இரண்டைக் காணோம் 🙄