சித்திரை வருசப்பிறப்புக்கு மட்டும் மாம்பழம் ஏன் இந்த விலை?

டோர்ட்முண்ட் கடைக்காரன் கேட்டது:

வணக்கம். டோர்ட்முண்டில் கடை திறந்து இரண்டு வருடமாகிறது. அரிசி, மா, தூள், கருவாடு எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. பழம்தான் இன்னும் பிடிபடவில்லை. தைப்பொங்கல் நேரம் பெரு நாட்டு மாம்பழம், நாலு கிலோப் பெட்டி ஐந்தரை யூரோவுக்கு எடுத்தேன். நல்ல பழம். சனம் இரண்டு இரண்டு பெட்டியாகக் கொண்டு போனது. அந்தத் துணிவில் வருசப்பிறப்புக்கு ஒரு கிழமை முன்னர் மொத்தச் சந்தைக்குப் போனால், அதே பெட்டி பத்து யூரோ என்றார்கள். படையலுக்கு மாம்பழம் இல்லாமல் முடியாதே என்று முப்பது பெட்டி எடுத்தேன். வெளியே பார்க்க அழகு. வெட்டினால் கொட்டையைச் சுற்றிக் கறுப்பு. பதினொரு பெட்டி குப்பைக்குப் போனது. ஒரு அம்மா பாதிப் பழத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கல்லாவில் வைத்து, "தம்பி, இதைச் சாமிக்கு முன்னால வெட்டினனான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

என்னை ஏமாற்றிவிட்டார்களா, அல்லது எனக்குத்தான் வியாபாரம் தெரியவில்லையா?

பெட்டிதூக்கி, பாரிஸ்:

தம்பி, ஏமாற்றவில்லை. நீங்கள் சந்தைக்குப் போன அந்தக் கிழமைதான் பிழை.

நான் பாரிசுக்குத் தெற்கே ரன்ஜிஸ் சந்தையில் இருபத்திரண்டு வருடம் பெட்டி தூக்கினவன். பிறகு பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் பகுதிக்கு வான் வண்டியில் பழம் போட்டேன். இப்போது முழங்கால் விட்டுவிட்டது, எழுத நேரம் கிடைத்திருக்கிறது. ஆகவே கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்தால் வந்தது, முடிந்தால் அடுத்த வருடம்தான். இங்கே பன்னிரண்டு மாதமும் மாம்பழம் கிடைக்கும், ஆனால் ஒரே நாட்டுப் பழமல்ல. அஞ்சலோட்டம் மாதிரி. ஒரு நாடு ஓடி முடிய அடுத்த நாடு கோலை வாங்கும். கோல் கைமாறுகிற கிழமைகளில் கையில் கோலும் இல்லை, பழமும் இல்லை. சித்திரை முதலாம் தேதி சரியாக அதற்குள் விழுகிறது. நம் முன்னோர் பஞ்சாங்கம் கணித்தபோது ரொட்டர்டாம் துறைமுகத்தை யோசிக்கவில்லை.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பெரு. வடக்கே பியூரா பக்கத்துத் தோட்டங்கள், கென்ற் இனம். கப்பலில் வர மூன்று கிழமை அளவு பிடிக்கும். பொங்கலுக்கு நீங்கள் எடுத்தது நடுப் பருவத்துப் பழம். மார்ச் முடிய அங்கே ஏற்றுமதி ஓய்ந்துவிடும். ஏப்ரலில் உங்கள் கைக்கு வந்தது வால் பழம். கடைசிக் காய்களைப் பொறுக்கி ஏற்றி, கப்பலிலும் குளிரறையிலும் கிடந்து களைத்துப்போன பழம். அதன் பிறகு ஐவரி கோஸ்ட் வரவேண்டும். வடக்கே கோரோகோ பக்கத்தில் எந்தத் தேதியில் பறிக்கத் தொடங்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் அறிவிப்பார்கள். அநேகமாக ஏப்ரலில்தான். அபிஜானில் கப்பலேற்றி, அது இங்கு இறங்கி, பெட்டிகள் உங்கள் சந்தைக்கு வர மே பிறந்துவிடும். இடையில் இருப்பது கொஞ்சம் பிரேசில் பழமும் விமானத்தில் வருகிற பழமும்தான். ஈஸ்டரும் அநேகமாக அதே சுற்றில் வருவதால் பெரிய கடைகளும் அந்தக் கொஞ்சத்துக்கே கை நீட்டும். பிறகு பத்து யூரோ ஆகாமல் என்ன செய்யும்?

பிரேசில் மட்டும் ஏன் எப்போதும் கொஞ்சமாவது வைத்திருக்கிறது என்று கேட்பீர்கள். பெட்ரோலினா பக்கம் வறண்ட நிலம், ஆற்றுத் தண்ணீர்ப் பாசனம். தண்ணீரை நிறுத்தி, மருந்து கொடுத்து, தாங்கள் நினைத்த மாதத்தில் மரத்தைப் பூக்க வைப்பார்கள். ஆனால் பெரிய வரத்து செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரைதான். உங்கள் நவராத்திரி, தீபாவளிக்கு அது போதும். நவராத்திரி நேரம் ஸ்பெயினில் மாலகா பக்கத்து ஒஸ்டீன் பழமும் வரும். ஊதா நிறம். மரத்தில் முற்றவிட்டுப் பறித்து லொறியில் இரண்டு நாளில் கொண்டுவந்துவிடுவார்கள். சனம் நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கும், ஒரு துண்டு வெட்டிக் கொடுங்கள். கென்ற் பழத்துக்கும் அதே கதைதான். பழுத்தாலும் பாதி பச்சையாகவே இருக்கும். சிவப்பாக இருக்கிறதே என்று டொமி அட்கின்ஸ் என்ற நார்ப் பழத்தை எடுத்தால் பிறகு பல்லுக் குத்த ஈர்க்கு தேடவேண்டியதுதான்.

பொங்கலுக்கு எப்போதும் மலிவு என்றும் நம்பிவிடாதீர்கள். 2023இல் பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோவால் பெருவில் குளிர்காலமே சூடாகப் போனது. மா பூக்க இரவுக் குளிர் வேண்டும். பூக்கவில்லை. அதனால் 2024 தையில் பெட்டி விலையைக் கேட்டுவிட்டுக் கனபேர் திரும்பிப் போனார்கள்.

நானும் பட்டவன்தான். மடகாஸ்கர் லிச்சி தெரியும்தானே. நவம்பர் கடைசியில் விமானத்தில் வருவது தங்கத்தின் விலை. பிறகு நத்தாருக்கு முன்னர் கப்பலில் வந்து குவியும், கந்தகப் புகை போட்டது. பிரெஞ்சுக்காரருக்கு லிச்சி இல்லாமல் நத்தார் இல்லை. ஒரு வருடம் டிசம்பர் 29ஆம் தேதி விலை நல்லாயிருக்கிறது என்று எண்பது பெட்டி வாங்கி வைத்தேன். ஜனவரி 2ஆம் தேதி ஒரு மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி விலைக்குக் கேட்டவரிடம் கோபித்தேன். அடுத்த நாள் கால் விலைக்குக் கொடுத்தேன். மனைவி இன்றைக்கும் லிச்சி வீட்டுக்குள் வர விடமாட்டாள்.

ரொட்டர்டாம் நைட் ஷிப்ட்:

அண்ணா சொன்னது எல்லாம் சரி. நான் திருச்சிக்காரன், இங்கே பழுக்க வைக்கிற கிடங்கில் வேலை. கடைக்காரர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. பழத்தை எங்கே வைத்திருந்தீர்கள், எத்தனை டிகிரி? கொன்டெய்னரிலேயே நாங்கள் பத்துக்குக் கீழே விடமாட்டோம். அதற்குக் கீழே ரொம்ப நேரம் கிடந்தால் மாம்பழம் செத்துவிடும். தோல் சாம்பல் நிறமாகும், பழுக்காது, வாசம் வராது. கொட்டையைச் சுற்றிக் கறுப்பு என்றால் அநேகமாகப் பழம் வயசானது. இரண்டும் சேர்ந்தால் கடவுள்தான் காப்பாற்றணும்.

டோர்ட்முண்ட் கடைக்காரன்:

தயிர் வைக்கிற குளிரறையில். ஐந்து டிகிரி. நாலு நாள். கெட்டுவிடும் என்று பயந்துதான் உள்ளே வைத்தேன்...

பெட்டிதூக்கி, பாரிஸ்:

சரி, அப்போ பதினொரு பெட்டியில் நாலைந்து உங்கள் கணக்கு. சந்தைக்காரரைத் திட்டியிருந்தால் மனதுக்குள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வாழை, பப்பாசி, அன்னாசி எதையுமே தயிரோடு வைக்காதீர்கள். கொடித்தோடை கொஞ்சம் தாங்கும்.

ஸ்டுட்கார்ட் மருமகள்:

குறுக்கே வருகிறேன். என் மாமி மாசி கடைசியில் ஊருக்குப் போய் வருசப்பிறப்புக்கு வருகிறா. பெட்டிக்குள் பத்து மாம்பழம் கொண்டுவரச் சொன்னால் என்ன? இவ்வளவு கதையும் மிச்சம்.

ரொட்டர்டாம் நைட் ஷிப்ட்:

வேண்டாம் அக்கா. 14 டிசம்பர் 2019 முதல் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பெட்டியில் கொண்டுவரும் பழத்துக்கும் பயிர் நோய் இல்லை என்று அந்த நாட்டு அரசு கொடுத்த சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: வாழை, அன்னாசி, தேங்காய், பேரீச்சை, துரியன். மாம்பழம் அதில் இல்லை. பழ ஈதான் பயம். அந்த ஈயால்தான் 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தையே மொத்தமாக நிறுத்தினார்கள். 2015 ஜனவரியில்தான் தடையை எடுத்தார்கள். எங்கள் ஊர் அல்போன்சாவுக்கே அந்தக் கதி. மாமியின் பெட்டி எந்த மூலை?

ஸ்டுட்கார்ட் மருமகள்:

துரியன் கொண்டுவரலாம், மாம்பழம் கூடாது. மாமியிடம் இதை யார் சொல்வது?

டோர்ட்முண்ட் கடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணை, அப்போ அடுத்த சித்திரைக்கு என்ன செய்யட்டும்? மாம்பழம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெட்டிதூக்கி, பாரிஸ்:

முப்பது பெட்டி எடுக்காதீர்கள். ஆறு பெட்டி விமானப் பழம் எடுங்கள். மாலியிலிருந்து அமெலி என்றொரு இனம் முன்னதாகவே வரும், வாசம் நல்லது. கிலோ விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும், ஆகவே பெட்டியாக விற்காமல் ஒவ்வொன்றாக விற்கவேண்டும். படையலுக்கு ஒரு பழம் போதும்தானே. பங்குனி நடுவிலேயே கடையில் கொப்பி வைத்துப் பெயர் எழுதுங்கள், எழுதினவருக்கு மட்டும் எடுங்கள். மிச்ச இடத்தில் வாழைக்குலை தொங்கட்டும். பெட்டியில் நாடும் இனமும் அடித்திருக்கும், படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். எட்டு என்று போட்டிருந்தால் நாலு கிலோவில் எட்டுப் பழம், ஒன்று அரைக் கிலோ வரும். தனித்தனியாக விற்க அது பெரிது, பத்து என்று போட்டதை எடுங்கள்.

டோர்ட்முண்ட் கடைக்காரன்:

கொப்பி யோசனை நல்லாயிருக்கு. கல்லாவில் பாதிப் பழம் வைத்த அம்மாவின் பெயரை முதலில் எழுதி, அவருக்குக் காசு வாங்காமல் கொடுக்கப்போகிறேன். இன்னொன்று. ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்கு எங்களுக்கு ஒரு சின்னக் கடை போட இடம் கிடைத்திருக்கிறது. அதற்கு ஐவரி கோஸ்ட் பழம் வந்துவிடுமா?

பெட்டிதூக்கி, பாரிஸ்:

வரும், தேர் நேரம் அது நல்ல பழம், விலையும் இறங்கியிருக்கும். ஆனால் முதல் கொன்டெய்னரில் இறங்குவதைத் தொடாதீர்கள். விலை ஏறியிருக்கிறதே என்று சிலர் முற்றாத காயைப் பறித்து அனுப்புவார்கள், அது சுருங்குமே தவிர இனிக்காது. ஒரு பத்து நாள் விட்டுப் போங்கள். போய் ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். கொட்டைக்குப் பக்கத்துச் சதை மஞ்சளாக இருந்தால் எடுங்கள், வெள்ளையாக இருந்தால் கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.