ரப்பர் ரிங்கா, சிப் ரிங்கா? புறா வந்து இறங்கிய பிறகு எங்கள் மாடிகளில் நடந்தவை

ராயபுரம் மாடி

வணக்கம். ஹோமர், அதாவது தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் புறா, அதைப் பந்தயம் விடுகிறவர்களிடம் மட்டும் கேட்கிறேன். சாதா, கர்ணம் போன்ற மற்ற வகைப் புறா வளர்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி. எங்கள் கிளப்பில் புறா வந்த நேரத்தைப் பதிய, அடுத்த சீசனுக்குக் காலில் மாட்டிய சிப் ரிங்கைத் தானே படிக்கும் எலக்ட்ரானிக் க்ளாக்குக்கு மாறுவதா, ரப்பர் ரிங்கைக் கழற்றிப் போட்டு அடிக்கும் பழைய கைக் க்ளாக்கிலேயே தொடர்வதா என்று பேச்சு நடக்கிறது. விலை விவரம் வேண்டாம், அதை விசாரித்துவிட்டேன். உங்கள் மாடியில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசியில், ஓங்கோல் பந்தயம். காலை 6:30க்குக் கூடையைத் திறந்துவிட்டார்கள். ஓங்கோலிலிருந்து என் மாடி 268 கிலோமீட்டர் 400 மீட்டர். என்னிடம் ஒரு நீலப் பெட்டை இருந்தது. நெல்லூர், காவலி இரண்டிலும் நன்றாக வந்திருந்தது. சரியாக 10:10க்கு வடக்கிலிருந்து தாழ்வாக வந்து, ஒரே ஒரு வட்டம் அடித்து, இறக்கையை மடக்கியது. அந்த நொடியில் நெஞ்சு அடிக்கும் அடி புறா வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அது கூண்டின் நுழைவாயிலான ட்ராப்பில் இறங்கவில்லை. தண்ணீர் டேங்க் மேல் போய் உட்கார்ந்தது. டப்பாவைக் குலுக்கினேன், விசில் அடித்தேன், பட்டாணியை இறைத்தேன். கழுத்தை நீட்டி என்னையே பார்த்தது. காவலிப் பந்தயத்தில் அது உள்ளே வந்ததும் அவசரத்தில் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தவன் நான்தான். அதை அது மறக்கவில்லை. நிமிர்ந்து நின்றால் பறந்துவிடுமோ என்று சுவர் ஓரமாகக் குந்திக்கொண்டே கூண்டுக்குப் பின்னால் போனேன்.

ஒரு வழியாக உள்ளே வந்தது. பிடித்து, காலில் இருந்த ரப்பர் ரிங்கை விரல்கள் வழியாக உருட்டிக் கழற்றி, உலோகக் குப்பிக்குள் போட்டு மூடி, க்ளாக்கின் துளையில் இறக்கிக் கைப்பிடியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். 10:14.

கணக்குப் போட்டுப் பாருங்கள், வேகத்தை வைத்துத்தான் வரிசை. 10:10க்கே பதிவாகியிருந்தால் 220 நிமிடம், நிமிடத்துக்கு 1220 மீட்டர் வேகம். 10:14 என்றால் 224 நிமிடம், 1198 மீட்டர்தான். அந்த இடைவெளியில் எட்டுப் புறா புகுந்துவிட்டது. 268 கிலோமீட்டரைப் பிழையில்லாமல் பறந்து வந்த பறவைக்குக் கடைசிப் பத்து அடியில் நான் இடைஞ்சல் ஆகிவிட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

சிப் ரிங் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைத்தான் கேட்கிறேன்.

பழைய கடிகாரம், வியாசர்பாடி

தம்பி, சிப் இருந்தாலும் டேங்க் மேல் உட்கார்ந்த புறா டேங்க் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ட்ராப்பில் வைக்கும் பேட், அதாவது சிப்பைப் படிக்கும் தட்டு, அதன் மேல் புறா கால் வைத்தால்தான் சிப் பேசும். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் எங்கள் கிளப்பில் முப்பது வருடமாகக் க்ளாக் வைப்பவன். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி எல்லாருடைய க்ளாக்கும் மேசைமேல் வரிசையாக இருக்கும். பென்சிங் கம்பெனி க்ளாக்தான் அதிகம், ஒன்றிரண்டு டூலே கம்பெனி. நான் மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒன்றாகக் கைப்பிடியை அடிப்பார்கள். அப்புறம் சீல். மறுநாள் ராத்திரி அதே மேசை, மறுபடி ஒரே அடி. இந்த இரண்டு அடிக்கும் நடுவே எந்தக் க்ளாக் எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று க்ளாக்குக்குள் நேரம் அச்சாகும் காகிதச் சுருளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சண்டை வருவதெல்லாம் இங்கேதான். ஒரு தடவை ஒருவருடைய க்ளாக் 24 மணி நேரத்தில் 48 விநாடி முந்திவிட்டது. ராத்திரி 8 மணிக்கு வைத்தது, புறா பதிவானது காலை 10 மணிக்கு. முந்தின க்ளாக் நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், அதனால் 48 விநாடியையும் கழிக்கச் சொல்லி அவர் நின்றார். அப்படிக் கழிக்க முடியாது. புறா பதிவாகும்போது க்ளாக் ஓடியது 14 மணி நேரம்தான். 24 மணிக்கு 48 என்றால் 14 மணிக்கு 28. அந்த 28 விநாடிதான் அவருக்குச் சேரும். அவருக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆனால் காகிதம் கையில் இருந்தது. சுற்றி இருந்த பத்துப் பேரும் வாங்கிப் பார்த்தார்கள், பென்சிலால் தாங்களே போட்டுப் பார்த்தார்கள், கடைசியில் அவரும் தலையாட்டினார்.

எனக்குப் பிடித்தது அந்தக் காகிதம். சந்தேகம் வந்தால் எட்டாவது படித்தவனும் சரிபார்க்கலாம்.

ஆனால் மறைக்காமல் இதையும் சொல்ல வேண்டும். இப்போது ஒரு க்ளாக் நின்றுவிட்டால் பழுது பார்க்க ஆள் கிடைப்பதில்லை. எனக்குத் தெரிந்த கடிகாரக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கடையை மூடியபின், ஒரு க்ளாக்கைப் பிரித்துத்தான் இன்னொன்றுக்கு உதிரி எடுக்கிறோம். போன சீசனில் எங்களிடம் பதினொன்று ஓடியது. இப்போது ஒன்பது.

கொளத்தூர் ஹோமர்

ஐயா சொன்னது உண்மை. ஆனால் அண்ணனுடைய பெட்டை டேங்க் மேல் உட்கார்ந்த காரணத்தைப் பாருங்கள். பிடிக்கிற பயம். சிப்பில் அந்தப் பயமே வராது, ஏனென்றால் யாரும் புறாவைத் தொடுவதில்லை. அது பாட்டுக்கு உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கிறது. நான் மாறி நாலு சீசன் ஆகிறது. பழைய புறாக்களே ஒரு சீசனில் மாறிவிட்டன. முன்பெல்லாம் பந்தய நாளில் ட்ராப் பலகையில் நின்று தயங்கும், இப்போது இறங்கின வேகத்திலேயே உள்ளே ஓடுகிறது.

எனக்கு ஷிஃப்ட் வேலை. ஞாயிறு காலையிலும் சில வாரம் போக வேண்டும். கைக் க்ளாக் காலத்தில் அந்த வாரங்களில் பந்தயத்தையே விட்டுவிடுவேன்.

ஆனால் முதல் சீசனில் அழாத குறை. புறா பேட் மேல் ஏறுகிறது, மெஷினில் 'பீப்' வரவில்லை. என் கண்ணெதிரே மூன்று புறா உள்ளே போயின, ஒன்றுதான் பதிவானது. மெஷின் பழுது என்று நினைத்துக் கிளப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே வைத்தால் எல்லா ரிங்கையும் படிக்கிறது! மூன்று வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. என் ட்ராப் பலகைக்கு அடியில் மழைக்காகத் தகரம் அடித்திருந்தேன். சிப் ரிங்குக்குள் பேட்டரி கிடையாது. பேட் அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துத் தன் நம்பரைச் சொல்கிறது. அடியில் உலோகம் இருந்தால் அந்த அலை கெட்டுவிடும். தகரத்தைப் பிடுங்கி மரப்பலகை போட்டேன், அன்றைக்கே சரியாயிற்று. யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்று. பேட்டை ட்ராப்பின் முழு அகலத்துக்கும் வையுங்கள். ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டால், சரியாக அந்த ஓரமாகத்தான் புறா நடக்கும். முந்தின ராத்திரியே மெஷினை முழுக்கச் சார்ஜ் போடுங்கள், கரண்ட்டை நம்பாதீர்கள்.

சிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. கைக் க்ளாக்கில் முதலில் வருகிற ஒன்றிரண்டைத்தான் அடிப்போம், மற்றது எப்போது வந்தது என்று யார் பார்த்தார்கள்? என்னிடம் ஒரு செக்கர் ஆண், இறக்கையில் கட்டம் போட்டது, இருந்தது. ஒரு தடவையும் வீட்டில் முதலாக வந்தது இல்லை. கழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சிப் போட்ட வருடம் ஐந்து பந்தயத்தின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்திலும் அதுதான் இரண்டாவது அல்லது மூன்றாவது. முதலில் வந்தவை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. இது மட்டும் தவறவே இல்லை. அதை ஜோடி போட்டேன். போன சீசனில் விஜயவாடாவிலிருந்து என் வீட்டுக்கு முதலில் வந்த இரண்டும் அதன் குஞ்சுகள்.

பெரம்பூர் அக்கா

நான் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். புறா என் வீட்டுக்காரருடையது. அவருக்கு ரயில்வே வேலை, பாதிப் பந்தயத்துக்கு ஊரில் இருக்க மாட்டார். க்ளாக் அடித்தது முக்கால்வாசி நான்தான்.

முதல் தடவை குழம்பைக் கொதிக்கவிட்டு மாடியில் நின்றேன். புறா வந்தது. பிடிக்கத் தெரியாது, முந்தானையைப் போட்டுப் பிடித்தேன். ரிங்கைக் கழற்றிவிட்டேன், கை நடுங்கியதில் குப்பி உருண்டு தொட்டிச் செடிகளுக்கு நடுவே போய்விட்டது. முட்டி போட்டுத் தேடி எடுத்து அடித்தேன். எவ்வளவு நேரம் போயிற்று என்று அவரிடம் சொல்லவே இல்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

அப்புறம் கற்றுக்கொண்டேன். தினமும் சாயங்காலம் நானே தீனி போட்டேன், கையிலிருந்து சாப்பிடப் பழக்கினேன். ராயபுரம் அண்ணனுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பந்தய நாளில் மட்டும் பிடித்தால் புறா பயப்படத்தான் செய்யும். எல்லா நாளும் தூக்கி, தடவி, ஒரு நிலக்கடலை கொடுத்து விட்டுப் பாருங்கள். இறங்கியதும் தானாக என் முழங்கையில் வந்து உட்கார்ந்த புறா எங்களிடம் உண்டு. ரிங் கழற்றி அடிக்க எனக்கு இருபது விநாடி போதும்.

போன வருடம் சிப் வாங்கினோம். வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பந்தயத்தன்று சமையலறையில் இருந்தபோதே மேலே 'பீப்' சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் புறா வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. வந்து இறங்குவதை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு மனசு ஒரு மாதிரியாக இருந்தது. இப்போது பீப் கேட்கக் காத்திருப்பதில்லை. நேரம் கணித்து முன்னாலேயே மேலே போய் நின்றுவிடுகிறேன்.

பழைய கடிகாரம், வியாசர்பாடி

அம்மா, முழங்கையில் வந்து உட்கார்ந்தது என்றீர்களே, அதற்குமேல் ஒரு க்ளாக்கும் வேண்டாம்.

நாணயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் ஒரு வார்த்தை. சிப் வந்தால் ஏமாற்று ஒழியும் என்று எங்கள் கிளப்பில் சிலர் சொல்கிறார்கள். 2017இல் சீனாவில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். ஷாங்காய்ப் பந்தயத்தில் இரண்டு பேர் புறாக்களைப் பால் அட்டைப் பெட்டிக்குள் ஒளித்து, புல்லட் ரயிலில் கொண்டுபோய், ஊர் சேர்ந்தபின் திறந்துவிட்டார்கள். பறந்து வரவே முடியாத நேரத்தில் வந்ததால் மாட்டிக்கொண்டார்கள், வழக்கு தண்டனை வரை போனது. வந்த நேரத்தைத்தான் எந்தக் க்ளாக்கும் சொல்லும். எப்படி வந்தது என்பதை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும். எந்தச் சிப் எந்தப் புறாவுடையது என்று ரிங் நம்பரோடு சேர்க்கும் வேலையை ஒருவர் தனியாகச் செய்ய விடாதீர்கள். கிளப் மேசையில், எல்லார் முன்னிலையிலும் நடக்கட்டும். மற்றபடி நான் தடுக்க மாட்டேன்.

ராயபுரம் மாடி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையேதான் யோசிக்கிறேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான். நெல்லூர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், ஓங்கோல் 270. இந்தத் தூரத்தில் புறாக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. 1200 மீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது இருபது மீட்டர். பிடித்துக் கழற்றுகிற முப்பது விநாடியில் 600 மீட்டர் போய்விடுகிறது. இங்கே கைக் க்ளாக் வைத்தால் பாதிப் போட்டி புறாக்களுக்குள், மீதிப் போட்டி எங்கள் விரல்களுக்குள். அது புறாவுக்குச் செய்கிற நியாயம் இல்லை. நாக்பூர் வேறு கதை. 900 கிலோமீட்டர், பெரும்பாலும் மறுநாள்தான் வருகிறது. இரண்டு புறாவுக்கு நடுவே பத்து நிமிடம், அரை மணி என்று இடைவெளி விழும். அங்கே என் கை முப்பது விநாடி தடுமாறினாலும் வரிசை மாறுவது அபூர்வம்.

அதனால் கிளப்பில் இப்படிச் சொல்லப்போகிறேன். விஜயவாடா வரை சிப். அதற்கு மேல் தூரம் என்றால் அவரவர் விருப்பம். சிப் வாங்க முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிளப் பணத்தில் ஒரு மெஷின் வாங்கிப் பொதுவில் வைக்க வேண்டும், இல்லையென்றால் நானே எதிர்த்து ஓட்டுப் போடுவேன். நல்ல புறா வைத்திருக்கிற ஏழைப் பையனை மெஷினுக்காக வெளியே நிறுத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பழைய க்ளாக்குகளையும் விற்கக் கூடாது. நாக்பூருக்கு முந்தின ராத்திரி வியாசர்பாடி ஐயா மாதிரி ஒருவர் மூன்று எண்ணி எல்லாரும் ஒன்றாக அடிக்கிற சத்தம் எங்கள் கிளப்பிலும் இருக்கட்டும்.

அக்கா, நேற்றிலிருந்து நிலக்கடலை ஆரம்பித்துவிட்டேன். நீலப் பெட்டை முதல் நாள் கிட்டவே வரவில்லை. இன்றைக்குக் காலை கழுத்தை நீட்டி ஒரு பருப்பை எடுத்துக்கொண்டு ஓடியது.

கொளத்தூர் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். என் ட்ராப்புக்கு அடியிலும் தகரம்தான், மேலே முக்கால் அங்குலப் பலகை இருக்கிறது. தகரத்தை முழுதாக எடுத்தே ஆக வேண்டுமா, பலகையை உயர்த்தினால் போதுமா? ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வருகிறார்.