முகவீணைக் கலைஞருக்கு அனுபவச் சான்று யாரிடம் வாங்குவது?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். என் தாய்மாமா தெருக்கூத்தில் முகவீணை என்ற சிறிய ஊதுகருவி வாசித்தவர். அறுபது வயதைத் தாண்டிவிட்டார், இப்போது மூச்சுப் பிடித்து ஊத முடியவில்லை. நலிந்த கலைஞர்களுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் தரும் 3,000 ரூபாய் உதவிக்கு விண்ணப்பித்தோம். கலை அனுபவத்துக்கு ஆதாரம் போதாது என்று போன ஆடியில் மனு திரும்பி வந்துவிட்டது.

வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் சரியாக இருக்கின்றன. சிக்கல் புகைப்படத்தில்தான். இருக்கும் படங்களில் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய துரியோதனன்தான் தெரிகிறான். மாமா பின்பாட்டு வரிசையில், அதாவது வேடக்காரர்களுக்குப் பின்னால் பாடி வாசிப்பவர்களோடு, வெளிச்சம் எட்டாத இடத்தில் உட்கார்ந்திருப்பார். ஜமா (கூத்துக் குழு) வாத்தியார் காலமாகிவிட்டார், ஜமாவும் பதிவு செய்யப்பட்டதில்லை. திரௌபதி அம்மன் கோயில் பெரியவர்களிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தோம், முத்திரை இல்லை என்றார்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக் கூத்துக்கு ஒப்புக்கொண்ட நாள்களைக் குறித்த பழைய நோட்டையும் காட்டினோம். ஊர், தேதி, முன்பணம் எல்லாம் மாமாவின் கையெழுத்தில் இருந்தும் அதை ஏற்கவில்லை. பாரதக் கூத்து நடக்கும் நாள்களில் விடிய விடிய ஊதியவர் கலைஞரே இல்லையா என்று மனம் கொதிக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த உதவி பெறும் பின்பாட்டுக் கலைஞர்கள் அனுபவச் சான்றை யாரிடம், எந்த வடிவில் வாங்கினார்கள்?