அப்பத்தாவோட பினாங்கு வீடியோ

பெரிய வீடு குரூப், வியாழக்கிழமை

வள்ளி, 7:42
அழகு அண்ணே லைன்ல இருக்கீங்களா? நீங்க வச்சுட்டுப் போன குவெஸ்ட் 3 விஆர் ஹெட்செட்ட லேப்டாப்ல சொருகிட்டு அரை மணி நேரமா உக்காந்திருக்கேன், ஹெட்செட் ஓரத்துல ஆரஞ்சு லைட்டு எரியுது, சார்ஜ் ஏறுதுன்னு தெரியுது, ஆனா லேப்டாப்ல திஸ் பிசிக்குள்ள போய்ப் பாத்தா சி டிரைவ் டி டிரைவ் தவிர ஒன்னும் வரல

தேனு சித்தி, 7:44
இப்ப எதுக்குடி அதப் போட்டு நோண்டுற, சனிக்கிழமை மதுரைலேர்ந்து வாங்கிட்டுப் போக ஆள் வருதுல்ல

வள்ளி, 7:45
அதுக்குத்தான் சித்தி. வித்துக் குடுக்கறதுக்கு முன்னாடி ஃபேக்டரி ரீசெட் போடணும், போட்டா உள்ள இருக்கறது மொத்தமும் போயிரும். மாட்டுப்பொங்கல் அன்னிக்கு அப்பத்தா பினாங்கு பாத்தாங்கள்ல அந்த ரெக்கார்டிங் அதுக்குள்ளதான் கெடக்கு, வேற எங்கயும் இல்ல

சித்தப்பா கோவை, 7:47
அய்யோ அத அழிச்சுறாதீங்கம்மா. நான் அன்னிக்கு மாட்டுக்கு வாழப்பழம் வாங்கப் போயிட்டு வந்து பாக்கறேன் எல்லாம் முடிஞ்சு அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்ன பாத்தாங்க என்ன சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது

உமா அத்தை, 7:48
எனக்கும் பாதிதான் கேட்டுச்சு தம்பி, நான் அடுப்படில இருந்தேன்

அழகு, 7:55
வள்ளி இப்பதான் பாத்தேன், இங்க காலைல. எந்த கேபிள் போட்டிருக்க?

வள்ளி, 7:56
பெட்டில வந்த வயர் ரெண்டு பக்கமும் டைப் சிண்ணே, என் லேப்டாப்ல பழைய பெரிய போர்ட் மட்டும்தான் இருக்கு. அதான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கடைல ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் டைப் சின்னு கேட்டு 150 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன், டேட்டா போகுமான்னு கேட்டேன் போகும்னுதான் சொன்னாரு

அழகு, 7:58
அந்த கேபிள்தான் பிரச்சனைன்னு நெனைக்கறேன். சில வயர்ல கரண்ட் போற கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போற கம்பியே வச்சிருக்க மாட்டாங்க, வெளிய பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்னு பண்ணு, அதே வயர்ல உன் ஃபோன லேப்டாப்ல சொருகு, ஃபோன்ல ஃபைல் டிரான்ஸ்ஃபரான்னு கேட்டா வயர் சரி, வெறும் சார்ஜிங்னு மட்டும் காட்டுச்சுன்னா தூக்கிப் போட்று

வள்ளி, 8:01
சார்ஜிங் மட்டும்தாண்ணே காட்டுது 😞

தேனு சித்தி, 8:03
எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி பழைய சாம்சங் ஃபோனோட வந்த வயர் ஒன்னு கெடக்கும்டி, அந்த ஃபோன்லேர்ந்து கம்ப்யூட்டருக்கு கல்யாண ஃபோட்டோ எல்லாம் அதுலதான் ஏத்துனோம். கார்த்திகிட்ட குடுத்து அனுப்பறேன்

வள்ளி, 8:21
வந்துருச்சு வந்துருச்சு!! லேப்டாப் டொய்ங்குன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, திஸ் பிசில குவெஸ்ட் 3ன்னு பேரோட நிக்குது

வள்ளி, 8:22
ஆனா தொறந்தா உள்ள காலி அண்ணே. ஒன்னுமே இல்ல. அழிஞ்சிருச்சா??

உமா அத்தை, 8:22
கடவுளே

அழகு, 8:24
யாரும் பயப்படாதீங்க, ஒன்னும் அழியல. ஹெட்செட்டும் உள்ளுக்குள்ள ஆண்ட்ராய்டுதான், நாம ஃபோன கம்ப்யூட்டர்ல சொருகுனா ஃபோன்ல ஓக்கே குடுத்தாத்தான ஃபைல் தெரியும், அதே கததான், ஆனா இதுல அந்தக் கேள்வி ஹெட்செட்டுக்கு உள்ள கேக்கும், வெளியேர்ந்து பாக்கற உனக்குத் தெரியாது. வயர் சொருகியிருக்கும்போதே தலைல மாட்டு, பேட்டர்ன் லாக் கேட்டா போடு, கம்ப்யூட்டர் ஃபைலப் பாக்கணும்னு கேக்குது அனுமதிக்கவான்னு ஒரு பெட்டி வரும், அதுல அலவ் குடுக்கணும். பெட்டி வரலைன்னா கீழ பார்ல மணி மாதிரி இருக்கும் பாரு நோட்டிஃபிகேஷன், அதுக்குள்ள யூஎஸ்பின்னு ஒன்னு நிக்கும், அத அமுக்கு

வள்ளி, 8:31
மாட்டுனேன், லாக் எடுத்தேன், பெட்டி வரல. மணிக்குள்ள போனேன் அங்க இருந்துச்சு, அமுக்கி அலவ் குடுத்துட்டுக் கழட்டி லேப்டாப்பப் பாக்கறேன் இப்பவும் காலியாத்தான் காட்டுது

அழகு, 8:33
விண்டோஸ் பழைய காலிப் பக்கத்தையே புடிச்சிட்டு நிக்கும். அந்த விண்டோவ மூடிட்டு திரும்ப திஸ் பிசி வழியா உள்ள போ. அப்பவும் வரலைன்னா வயரக் கழட்டி மாட்டி ஹெட்செட் தலைல இருக்கும்போதே அலவ் குடு, கழட்டுன உடனே அது தூங்கப் போயிரும், ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஒரு சென்சார் இருக்கு, தலை இருக்கா இல்லையான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். செட்டிங்ஸ்ல தூங்கப் போற நேரத்தக் கூட்டியும் வச்சுக்க

வள்ளி, 8:38
தொறந்துருச்சு அண்ணே 🙏 உள்ள இன்டர்னல் ஷேர்டு ஸ்டோரேஜ்னு ஒன்னு, அதுக்குள்ள டவுன்லோட், மூவீஸ், ஓக்குலஸ்னு நெறய ஃபோல்டர்

அழகு, 8:39
ஓக்குலஸ்தான். அது கம்பெனியோட பழைய பேரு, இப்ப மெட்டான்னு மாறுனாலும் ஃபோல்டர் பேர மாத்தாம விட்டுட்டாங்க. அதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட்ஸ்னு ஒன்னு இருக்கும் அது ஃபோட்டோ, வீடியோஷாட்ஸ்னு ஒன்னு இருக்கும் அதுலதான் ரெக்கார்டிங்

கதிர் சென்னை, 8:40
அண்ணே என்கிட்ட மேக், இதே மாதிரி ஒரு ஹெட்செட் ஃப்ரெண்டுகிட்ட இருக்கு, மேக்ல சொருகுனா ஒன்னுமே வரலையே

அழகு, 8:41
ஹெட்செட் ஃபைல் அனுப்பற முறைக்கு எம்டிபின்னு பேரு, மேக்குக்கு அது தானா தெரியாதுடா, ஓப்பன்எம்டிபின்னு ஒரு ஆப் இலவசமா இருக்கு, போட்டுக்க. அலவ் குடுக்கறது அதுக்கும் உண்டு

வள்ளி, 8:44
31 வீடியோ இருக்கு. எல்லாத்துக்கும் நீளமா இங்கிலீஷ்ல பேரு, எது அப்பத்தாவோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? டபுள் கிளிக் பண்ணா ஓட மாட்டேங்குது

அழகு, 8:47
ஹெட்செட்ல இருக்கும்போதே ஓட்டாத, முதல்ல டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குக் காப்பி பண்ணு, அப்புறம் தொற. கட் பண்ணாத, காப்பி மட்டும். பேர்ல ஆரம்பத்துல எந்த ஆப்புல எடுத்ததுன்னு இருக்கும், அதுக்குப் பின்னாடி வருஷம் மாசம் தேதி எல்லாம் ஒட்டி நம்பரா வரும். மாட்டுப்பொங்கல்னா 20250115ன்னு தேடு. அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டுனது வாண்டர்னு ஒரு ஆப், கூகுள் ஸ்ட்ரீட் வியூல இருக்கற தெருவெல்லாம் சுத்தி நின்னு பாக்கற மாதிரி காட்டும், பேர்ல வாண்டர்னு இருக்கும்

வள்ளி, 8:52
20250115ல அஞ்சு இருக்கு. ரெண்டுல வாண்டர்னு இருக்கு. எதுக்கும் மொத்தம் 31ஐயும் காப்பி போட்டுட்டேன், பச்சக் கோடு ஓடுது

வள்ளி, 8:56
போச்சு. கார்த்தி வயர்ல கால் தட்டிட்டான், டிவைஸ் இல்லன்னு சொல்லி நின்னுருச்சு

அழகு, 8:57
பரவால்ல, அதுக்குத்தான் காப்பின்னு சொன்னேன், ஹெட்செட்ல அப்படியே இருக்கும். பாதில நின்ன ஃபைல் லேப்டாப்ல தொறக்காது, அத மட்டும் அழிச்சிட்டு மறுபடி அலவ் குடுத்து மிச்சத்தப் போடு. ஹெட்செட்ட மேசைல ஆடாம வை, லென்ஸ் மேல பாத்து, ஜன்னல் பக்கம் வெயில் படற மாதிரி எப்பவும் வச்சிராத, அந்தக் கண்ணாடி வழியா வெயில் எறங்குனா உள்ள ஸ்க்ரீன் பொசுங்கிரும்

சித்தப்பா கோவை, 9:05
என்னாச்சும்மா

வள்ளி, 9:09
முடிஞ்சுது சித்தப்பா. எண்ணிப் பாத்தேன், அங்க 31 இங்க 31. ஒவ்வொன்னாத் தொறந்தும் பாத்துட்டேன், எல்லாம் ஓடுது

வள்ளி, 9:16
அண்ணே ஒரு விஷயம். அப்பத்தாவோட முதல் வீடியோ ஆறு நிமிஷம், அதுல படம் இருக்கு, தெரு வருது, ஆனா அவங்க குரல் இல்ல. ஆப்போட சத்தம் மட்டும் லேசா

அழகு, 9:20
அது என் தப்பு வள்ளி. ரெக்கார்டிங் செட்டிங்ஸ்ல மைக் சேக்கறதுன்னு தனியா ஒரு சுவிட்ச் இருக்கு, அது ஆஃப்ல இருந்திருக்கு. நடுவுல அப்பத்தா தண்ணி கேட்டு ஹெட்செட்டக் கழட்டுனாங்கள்ல, அப்பத்தான் பாத்து ஆன் பண்ணேன். ரெண்டாவதுல இருக்கணும். அதப் பாத்துச் சொல்லு, நான் மீட்டிங்க தள்ளி வச்சுட்டு இருக்கேன்

வள்ளி, 9:31
இருக்கு. ஒன்பது நிமிஷம் முழுசா இருக்கு. அண்ணே நான் அழுதுட்டேன்

வள்ளி, 9:38
என்ன சொல்றாங்கன்னு எழுதறேன், சித்தப்பா கேட்டாங்கள்ல. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் முன்னாடி நிக்கறாங்க, அண்ணாந்து கோபுரத்தப் பாக்கறாங்க, படம் மேல போகுது, கொஞ்ச நேரம் பேச்சே இல்ல மூச்சு மட்டும் கேக்குது, அப்புறம் "இம்புட்டு கலர் அப்ப இல்லப்பா" ங்கறாங்க. அப்புறம் கீழ பாத்து அந்தக் கடை வரிசைக்கு முன்னாடி தூண் தூணா நடைபாதை இருக்குல்ல அதக் காமிச்சு "இந்த அஞ்சடிலதான் நான் பாண்டி ஆடுவேன், மழை பேஞ்சாலும் நனையாது, எங்கய்யா கிட்டங்கிலேர்ந்து வர்றப்ப இந்தத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன்" ங்கறாங்க. கை நீட்டித் தொடப் பாத்திருக்காங்க போல, கண்ட்ரோலர் எதுலயோ இடிச்ச சத்தம் கேக்குது, நீங்க "அப்பத்தா மெதுவா"ங்கறீங்க

சித்தப்பா கோவை, 9:41
எங்கய்யான்னு சொல்றது அம்மாவோட அப்பாவ, அவர்தான் அங்க செட்டியார் கிட்டங்கில, அதான் வட்டிக்கடைல, கணக்குப்பிள்ளையா இருந்தாரு. பினாங்கு ஸ்ட்ரீட். அம்மா பதினோரு வயசுல ரஜூலா கப்பல்ல ஏறி நாகப்பட்டினத்துல எறங்குனாங்க, அதுக்கப்புறம் திரும்பிப் போகவே இல்ல. பாஸ்போர்ட் எடுக்கலாம் எடுக்கலாம்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், முழங்கால் போயிருச்சு

உமா அத்தை, 9:43
தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் போறதப் பத்தி சொன்னாங்களா வள்ளி? எங்களுக்கு சின்னப் புள்ளைல தெனமும் அந்தக் கததான்

வள்ளி, 9:44
ஆமா அத்தை, கடைசில வருது. ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போறப்ப கூடவே நடந்து போனது, கால் வலிச்சு அவங்க ஐயா தோள்ல தூக்கிக்கிட்டது

சித்தப்பா கோவை, 9:46
அந்த ரதமே நம்மூர்ல செஞ்சதுதான் தெரியுமா, 1894ல காரைக்குடில செஞ்சு கப்பல்ல பினாங்குக்குப் போச்சு. நம்ம ஊர்ல செஞ்ச தேருக்குப் பின்னாடிதான் அங்க போய் நடந்திருக்காங்க

தேனு சித்தி, 9:48
வள்ளி அந்த வீடியோவ இங்க போடுடி

அழகு, 9:49
வீடியோவா போடாத வள்ளி, வாட்ஸ்அப் நசுக்கி அனுப்பும், கோபுரம் எல்லாம் கலங்கிரும். டாக்குமெண்டா போடு, 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும். உன் ஃபைல் 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். பென்டிரைவ்லயும் ஒரு காப்பி ஏத்தி அப்பத்தா பீரோல வச்சிரு, பழைய பென்டிரைவ்னா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா இருந்தா ஏறாதுன்னு சொல்லும், அப்ப எக்ஸ்ஃபேட்னு ஃபார்மட் போட்டுக்க, போடறதுக்கு முன்னாடி உள்ள வேற எதுவும் இல்லையான்னு பாத்துக்க. ரெண்டு எடத்துல ஏறுன பிறகு எனக்கு மெசேஜ் போடு. அது வரைக்கும் ரீசெட் பக்கம் போகாத, ஆள் வந்தாலும் உக்கார வை

வெள்ளிக்கிழமை

வள்ளி, 10:15
ராத்திரி பூரா அப்லோட் ஓடிச்சு, வீட்டு நெட் அவ்வளவுதான். மேல இருக்கு பாருங்க. பென்டிரைவ்லயும் ஏத்திட்டேன், தொறந்தும் பாத்துட்டேன்

சித்தப்பா கோவை, 10:52
பாத்தேன்மா. ரெண்டு தடவ பாத்தேன். கடைய இன்னும் தொறக்கல

வள்ளி, 4:20
அண்ணே குரல் இல்லாத அந்த ஆறு நிமிஷம் இருக்குல்ல, அத இப்ப லேப்டாப்ல அப்பத்தாகிட்ட போட்டுக் காட்டுனேன். பக்கத்துல என் ஃபோன்ல வாய்ஸ் ரெக்கார்டர ஆன் பண்ணி வச்சுட்டேன், அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான். படம் ஓட ஓட அவங்களே சொல்றாங்க, இங்க ஒரு சீனன் பலகாரம் விப்பான், இந்த வீட்டு மாடிலதான் எங்கம்மா துணி காயப்போடும்னு. ரெண்டு எடத்துல நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்துனேன். ஆறு நிமிஷ வீடியோவுக்கு நாப்பது நிமிஷம் பேசியிருக்காங்க

அழகு, 4:26
அன்னிக்கு இவ்வளவு பேசல வள்ளி. அன்னிக்கு பாத்துக்கிட்டு மட்டும்தான் இருந்தாங்க. அந்த ஆடியோவையும் டாக்குமெண்டா போடு, நான் படத்தோட சேத்து வைக்கறேன்

உமா அத்தை, 4:27
முதல்ல எனக்குப் போடு தங்கம்

வள்ளி, 4:31
போட்டுட்டேன் அத்தை. அண்ணே ரெண்டு எடத்துலயும் இருக்கு, இப்ப ரீசெட் போடவா?

அழகு, 4:33
என் லேப்டாப்லயும் எறங்கிருச்சு, ஓட்டிப் பாத்துட்டேன். போடு