மறுமொழி: ‘ஸ்கிரப்’ – ‘துடைப்பு’ வேண்டாம், ‘ஒப்புநோக்கு’ என்போம்

குழுவினருக்கு வணக்கம். கணினி வட்டுகளில் உள்ள தரவு கெடாமல் இருக்கிறதா என்று முழுதும் வாசித்துப் பார்க்கும் ‘ஸ்கிரப்’ (scrub) சோதனைக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘ஸ்கிரப்’ என்றால் தேய்த்துச் சுத்தம் செய்வது. ‘துடைப்பு’ சுருக்கமாக இருக்கிறது. இதையே முடிவு செய்துவிடலாமா?

ஐயா, தயவுசெய்து முடிவு செய்துவிடாதீர்கள். வட்டுகளோடு வேலை செய்கிறவர்களுக்குத் துடைப்பது என்றால் அழிப்பது. பழைய வட்டை வெளியே அனுப்பும் முன் ‘துடைத்துக் கொடு’ என்றுதான் சொல்கிறோம். ஒரு பிட்டும் மிஞ்சாமல் போக்கும் வேலைக்கும் ஒரு பிட்டும் கெடாமல் காக்கும் வேலைக்கும் ஒரே பெயர் வைக்கலாமா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் தரவு மையத்தில் இரவுப் பணியாளர்கள் பலர் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்கான தமிழ்ப் பணிக்குறிப்பில் ‘துடைப்பு’ என்ற சொல்தான் இருந்தது. டெபியன் லினக்ஸ் இயங்குதளம், மென்பொருள் ரெய்டு அணிகளுக்கு (ஒரு வட்டு செத்தாலும் தரவு பிழைக்கும்படி பல வட்டுகளைச் சேர்த்து அமைத்தவை) மாதத்தின் முதல் ஞாயிறன்று இந்தச் சோதனையைத் தானாகவே தொடங்கிவிடும். அப்படி ஒரு ஞாயிறு அதிகாலையில் வேலை பாதி ஓடியிருந்தபோது தம்பி ஒருவன் தொலைபேசியில் கேட்டான்: “அண்ணா, வாடிக்கையாளர் தரவு இருக்கும் அணியைத் துடைக்கச் சொன்னது யார்? நிறுத்திவிடட்டுமா?” குறிப்பைப் படித்தவன் வேறெப்படிப் புரிந்துகொள்வான்? அவன் கேட்டது முழு நியாயம்.

உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். வட்டு முழுதாகச் செத்தால் விளக்கு எரியும், வட்டுகளை இயக்கும் கன்ட்ரோலர் கூவும், மாற்றிவிடுவோம். ஆபத்து இன்னொரு வகையில் இருக்கிறது. யாரும் பல மாதங்களாகத் திறக்காத கோப்பின் அடியில் ஒரு செக்டர் (வட்டின் ஒரு சிறு பகுதி) ஓசையில்லாமல் கெட்டுக் கிடக்கும். ரெய்டு 5 அணியில் வேறொரு வட்டு செத்துப் புதியதைச் செருகும்போது, மிச்சமுள்ள அத்தனை வட்டுகளையும் கடைசி வரை வாசித்தால்தான் இழந்ததைத் திரும்பக் கட்ட முடியும். அந்தக் கெட்ட செக்டர் அப்போதுதான் வெளிப்படும். ஈடுகட்ட மாற்றுப் பிரதி இருக்காது. சில கன்ட்ரோலர்கள் அந்த இடத்திலேயே கட்டுமானத்தைக் கைவிட்டுவிடும். சாதாரண மேசைக்கணினி வட்டுகளுக்கு உற்பத்தியாளர்கள் தரும் வாசிப்புப் பிழை வரம்பு பெரும்பாலும் 100 லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. இன்று நான்கைந்து வட்டுகள் சேர்ந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடுகின்றன.

ஆகவேதான் எல்லா வட்டுகளும் நலமாக இருக்கும்போதே அணியை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து, தரவும் பாரிட்டியும் (இழந்த தரவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல்) பொருந்துகின்றனவா என்று பார்க்கிறோம். வாசிக்க முடியாத செக்டர் சிக்கினால் மற்ற வட்டுகளிலிருந்து கணக்கிட்டுத் திரும்ப எழுதிவிடலாம்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு தொழிற்சொல் இருக்கிறது: ஒப்புநோக்கல். உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை அருகருகே வைத்து வரிவரியாகச் செய்த வேலை அது. ஓர் ஏட்டில் செல்லரித்த இடத்தை இன்னொன்றைக் கொண்டு நிரப்பினார்கள். இரண்டும் தெளிவாக இருந்து, ஆனால் வேறுபட்டால்? அதுதான் பாடபேதம். ஒரே தரவை இரு பிரதிகளாக வைக்கும், இரண்டே வட்டுள்ள ரெய்டு 1 அணிக்கும் இதே சங்கடம் உண்டு. இரண்டும் ஒழுங்காக வாசிக்கின்றன, ஆனால் ஒன்றுபோல் இல்லை என்றால் எது சரி என்று லினக்ஸுக்குத் தெரியாது. சோதனை மட்டும் கேட்டால் வேறுபாடுகளை எண்ணிச் சொல்லும். பழுதுபார்க்கவும் சொன்னால் ஒரு பிரதியை அப்படியே மற்றதன்மேல் எழுதிவிடும். அந்த எண்ணிக்கையைப் ‘பேத எண்ணிக்கை’ என்றே அழைக்கலாம். பூச்சியமாக இல்லாவிட்டால், பழுதுபார்க்கச் சொல்லும் முன் காப்புப் பிரதியோடு ஒத்துப் பாருங்கள்.

> இசட்எஃப்எஸ் வட்டோடு வட்டை ஒப்பிடுவதில்லையே? அங்கே இந்தச் சொல் பொருந்துமா?

டெல்லி நண்பரின் கேள்வி சரியானது. இசட்எஃப்எஸ் (ZFS) என்னும் கோப்பு முறைமை, தரவின் ஒவ்வொரு தொகுதிக்கும் செக்சம் (அந்தத் தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) ஒன்றைத் தனியே எழுதி வைக்கிறது. வாசித்ததை அதனோடு ஒப்பிடுகிறது. எந்தப் பிரதி கெட்டது என்று அதனால் சொல்ல முடிவது அதனால்தான். அங்கும் நடப்பது ஒப்புநோக்கலே. சொல்லப்போனால், அங்கே இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் வன்பொருள் கன்ட்ரோலர்களில் ‘பேட்ரோல் ரீட்’ என்று ஒன்று உண்டு. அது ஒவ்வொரு வட்டின் பரப்பையும் வாசிக்க முடிகிறதா என்று பார்க்கும், பாரிட்டி பொருந்துகிறதா என்று சரிபார்க்காது. அதை ‘ரோந்து வாசிப்பு’ என்று தனியாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால், ரோந்து ஓடியதும் பாரிட்டியும் சரியாகவே இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

மென்பொருளின் கட்டளைப் பட்டியில் ‘ஒப்புநோக்கைத் தொடங்கு’, ‘ஒப்புநோக்கை நிறுத்திவை’ என்று வரும். சொல் நீளம் என்று மும்பை அம்மா சொல்லியிருந்தார். பொத்தானில் இடம் போதாவிட்டால் ‘ஒப்புநோக்கு’ என்று மட்டும் போடலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள், தங்கள் சொல்லைப் பணிக்குறிப்பின் ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து