இன்டர்செப்ட்டுக்கு 'இடைமறிப்பு' வேண்டாம், 'ஏந்தல்' வைப்போம்

வணக்கம் அண்ணா,

நிரல் ஆவணத்தில் வரும் 'இன்டர்செப்ட்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'இடைமறிப்பு' என்று நீங்கள் போட்டிருந்ததைப் பார்த்தேன். ஏவுகணையை இடைமறித்தார்கள் என்று நாளிதழில் வருவதால் எல்லாருக்கும் உடனே புரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெர்ல் நிரல்மொழியின் சோதனைத் தொகுப்பான டெஸ்ட்2-இல் உள்ள இன்டர்செப்ட் செய்கிற வேலை வேறு.

இரண்டு விலைப்பட்டியல்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க நாமே ஒரு சோதனைக் கருவி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபட்டால் அது 'நாட் ஓகே', அதாவது தோல்வி என்று சொல்ல வேண்டும், சொல்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே தப்பான பட்டியலைக் கொடுத்து ஓட்ட வேண்டும். சும்மா ஓட்டினால் அந்த 'நாட் ஓகே' நேராக அறிக்கைக்குப் போய், ஒழுங்காக வேலை செய்கிற கருவிக்கே தோல்வி என்று வந்துவிடும். அதனால் அந்த நிரல் துண்டை மட்டும் இன்டர்செப்ட்டுக்குள் போடுகிறோம். நிகழ்வுகளை வாங்கி அறிக்கைக்கு அனுப்புகிற பகுதிக்கு ஹப் என்று பெயர்; துண்டு ஓடி முடியும்வரை வழக்கமான ஹப்புக்கு மேலே வேறொரு ஹப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெற்றி, தோல்வி, குறிப்பு என்று உள்ளே எழும் நிகழ்வுகள் எல்லாம் அதில் சேர்கின்றன, துண்டு முடிந்ததும் ஹப் விலகிவிட, சேர்ந்தவை முழுசாக நம் கைக்கு வருகின்றன. அப்புறம் தோல்வி ஒன்றுதானா, எந்த வரி வேறுபட்டது என்று குறிப்பில் இருக்கிறதா என நிதானமாகப் பார்க்கலாம். உள்ளே பெயில் அவுட், அதாவது எல்லாச் சோதனைகளையும் அப்படியே நிறுத்தச் சொல்லும் கட்டளை, வந்தால்கூட அந்தத் துண்டோடு சரி, வெளியே உள்ள சோதனைகள் தொடர்ந்து ஓடும்.

'இடைமறிப்பு' என்று படிக்கிற பையன் சோதனையையே பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். எனக்கு அதுதான் பெரிய கவலை.

'கைப்பற்றல்' என்று இன்னொருவர் சொன்னார். இங்கே பினாங்கில் மலாய் நண்பர்களுக்குப் போலீஸ் பிடிப்பதற்கும் திரையைப் படம் எடுப்பதற்கும் 'தங்காப்' என்ற ஒரே சொல் போதும். தமிழில் அப்படி முடியாது, கைப்பற்றல் என்றாலே கஸ்டம்ஸ்காரர்கள் சிகரெட் பெட்டிகளை அள்ளிப் போனதுதான் ஞாபகம் வருகிறது.

'ஏந்தல்' நன்றாகப் பொருந்துகிறது. மன்னனுக்கும் அந்தச் சொல் உண்டே என்று கேட்பீர்கள், நிரல் ஆவணத்தில் யாரும் குழம்பமாட்டார்கள். இராமநாதபுரத்துப் பக்கம் ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் நிறைய, மழைத்தண்ணீரைத் தேக்கி வைக்கிற சின்னக் குளம் அது; வருவதை வாங்கிக்கொள்ளும், தேவைப்படும்போது கொடுக்கும். வினையாக்கவும் சுலபம்: ஏந்து, ஏந்திய நிகழ்வுகள். பைத்தான் நிரல்மொழியின் 3.4 பதிப்பில் வந்த அஸெர்ட்லாக்ஸ் என்ற சோதனை வசதியும் கிட்டத்தட்ட இதையே நிரல் எழுதும் பதிவுகளுக்கு (லாக்) செய்கிறது, அதைப் 'பதிவேந்தல்' எனலாம். முன்னால் 'தற்காலிக' என்று ஒட்ட வேண்டியதில்லை, துண்டு முடிந்தால் ஏந்தலும் முடிகிறது.

ஆவணத்தில் இப்படி எழுதலாம்: "இந்தத் துண்டில் எழும் சோதனை நிகழ்வுகளை ஏந்தி, பட்டியலாகத் திருப்பித் தரும்." வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இடறினால் சொல்லுங்கள். ஹப்புக்கு 'மையம்' போதுமா என்பதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.